தம்பி பையில் வேப் இருக்கிறது, இன்று ராத்திரி விமானம்

தண்டையார்பேட்டை_பையன்:
வணக்கம். வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தம்பி என்னைப் பார்க்க இன்று ராத்திரி கிளம்புகிறான். பையில் இரண்டு வேப் (மின் சிகரெட்) வைத்திருக்கிறானாம், அம்மா இப்போதுதான் போனில் சொன்னார். இங்கே பிடிப்பார்களா? பிடித்தால் என் வேலைக்கு ஏதாவது ஆகுமா? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ராயபுரம்_ஈஸ்ட்ஹாம்:
இதற்கா இவ்வளவு பதற்றம்? இங்கே லண்டனில் எங்கள் தெருவில் முடிவெட்டும் கடைக்குப் பக்கத்தில் வேப் கடை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு வேப் கடை. பதினெட்டு வயது ஆகியிருந்தால் வாங்கலாம். வேப்பில் திரவம் நிற்கும் தொட்டி 2 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது, நிகோடின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தீர்ந்ததும் தூக்கிப்போடும் வகையை மட்டும் 2025 ஜூன் 1 முதல் விற்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். நான் வந்த புதிதில் பட்ட பாடு வேறு. ஜனவரி மாதம். மீட்டர் சாவியில் காசு ஏற்றினால்தான் அறையில் சூடு. மாசக் கடைசியில் இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் அம்மா கட்டிக்கொடுத்த ஜமக்காளம். அதை விடவா இது பெரிது?

பெரம்பூர்_மெல்போர்ன்:
ஈஸ்ட்ஹாம் அண்ணா, உங்கள் ஊர் சட்டத்தை எல்லோருக்கும் சொல்லாதீர்கள். இங்கே ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் மருந்துக்கடையைத் தவிர வேறெங்கும் விற்கக் கூடாது. புகையிலை, புதினா, மெந்தால் சுவை மட்டும்தான். ஆனால் பயணியாக வருபவர் சொந்த உபயோகத்துக்கு இரண்டு கொண்டுவரலாம். தம்பியிடம் இரண்டுதானே? கவலைப்படாதீர்கள். எதற்கும் அம்மாவை மாவடு போட்டுக் கொடுக்கச் சொல்லாதீர்கள், என்னுடையதை ஏர்போர்ட்டில் குப்பையில் போட்டார்கள். இன்றுவரை ஆறவில்லை.

வியாசர்பாடி_தேக்கா:
தம்பி, எந்த நாடு என்று சொல்லவே இல்லையே?

தண்டையார்பேட்டை_பையன்:
மன்னிக்கவும் அண்ணா. சிங்கப்பூர். வொர்க் பெர்மிட்.

வியாசர்பாடி_தேக்கா:
மேலே இருக்கும் இரண்டு பதிலையும் மறந்துவிடுங்கள். இங்கே 2018 பிப்ரவரியிலிருந்தே வேப் வாங்குவது, வைத்திருப்பது, இழுப்பது எல்லாமே குற்றம். விற்பது மட்டும் இல்லை, கவனியுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பிடியை இன்னும் இறுக்கினார்கள். அப்போது வந்த விதிப்படி பெரியவர் முதல் முறை மாட்டினால் 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். இரண்டாம் முறை மூன்று மாத மறுவாழ்வுத் திட்டம். அதற்கு மேலும் மாட்டினால் நீதிமன்றம். நம்மைப் போல வேலை அனுமதிப் பாஸில் இருப்பவர்கள் திரும்பத் திரும்ப மாட்டினால் பாஸ் ரத்து, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், மறுபடி வர முடியாது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வகை என்றால் தண்டனை இன்னும் கடுமை. வெளியே பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது தனிக் குற்றம், தண்டனையும் கூட. விளையாட்டு இல்லை.

காசிமேடு_ஜூரோங்:
வேப்பை விடுங்கள், சிகரெட்டுக்கே விடமாட்டார்கள். வந்த அன்று சட்டைப்பையில் பிரித்த பாக்கெட் ஒன்று, உள்ளே பதினொன்று. சுங்கத்தில் சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இந்த ஊரில் சிகரெட்டுக்கு வரிவிலக்கு ஒன்றுக்குக் கூட கிடையாது என்று யாருக்குத் தெரியும்? 200 வெள்ளி. முதல் மாதம் முழுக்க முட்டையும் ரொட்டியும்தான். வாயில் அடக்கும் புகையிலையும் கூடாது. சூயிங்கம் கூடாது. மூச்சு விட மட்டும்தான் இன்னும் அபராதம் போடவில்லை.

ராயபுரம்_ஈஸ்ட்ஹாம்:
அதுவும் வரும். அங்கே வஞ்சிரம் கிலோ என்ன விலை? இங்கே உறைய வைத்தது, கல் மாதிரி.

காசிமேடு_ஜூரோங்:
விலையைக் கேட்டு ஏன் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறீர்கள். விடியற்காலையில் படகு வந்ததும் ஏலத்தில் எடுத்துச் சாப்பிட்ட நாக்கு இது.

பெரம்பூர்_மெல்போர்ன்:
அவனுக்கு நிகோடின் சூயிங்கம் வாங்கிக் கொடுத்து அனுப்பச் சொல்லுங்களேன்.

வியாசர்பாடி_தேக்கா:
அக்கா, கெடுத்தீர்களே. சூயிங்கம் இங்கே கொண்டுவரவே கூடாது. புகைப்பழக்கத்தைக் கைவிடுவதற்கான நிகோடின் சூயிங்கம் 2004 முதல் இங்கேயே மருந்தாளுநரிடம் கிடைக்கிறது, இங்கே வாங்கிக்கொள்ளலாம். சரி, மீன் பேச்சை நிறுத்துங்கள். தம்பி இப்போது எங்கே?

தண்டையார்பேட்டை_பையன்:
மெட்ரோவில் ஏறிவிட்டான் அண்ணா. இருபது நிமிடமாக லைனே கிடைக்கவில்லை.

வியாசர்பாடி_தேக்கா:
சுரங்கத்தில் இருப்பான். சைதாப்பேட்டை தாண்டி சின்னமலையில் வண்டி மேலே ஏறும், அப்போது விடாமல் அடியுங்கள். ஏர்போர்ட் உள்ளே போவதற்கு முன்பே அதை விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். நம் ஊரிலும் 2019 சட்டப்படி இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை எல்லாம் தடை. முதல் முறைக்கே ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மீனம்பாக்கத்தில் தப்பினால் இங்கே சாங்கி ஏர்போர்ட்டில் மாட்டுவான். ஜிப் போட்ட உள்பை, ஷூ, ஷேவிங் பை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். தப்பித்தவறி எடுத்து வந்துவிட்டால் பச்சை வழி வேண்டாம், சிவப்பு வழியில் போய் தானாகச் சொல்லிவிடட்டும். ஒளித்து வைத்து மாட்டுவது வேறு, முன்வந்து சொல்வது வேறு.

தண்டையார்பேட்டை_பையன்:
கிடைத்தான் அண்ணா, சின்னமலையில்தான். கிண்டியில் இறங்கி, அங்கே ரூம் எடுத்திருக்கும் அவன் நண்பனிடம் கொடுத்துவிட்டு அடுத்த வண்டி பிடிக்கிறேன் என்றான். இரண்டு இல்லை, நான்காம். ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எனக்காகத்தான் வாங்கினான். நான்தான் கேட்டேன்.

வியாசர்பாடி_தேக்கா:
அது முதல் வரியிலேயே வந்திருக்க வேண்டியது. நண்பன் தலையில் கட்டாமல் தம்பியையே அதைத் தூக்கிப்போடச் சொல்லுங்கள், வைத்திருந்தால் நண்பனுக்கும் சிக்கல். உங்கள் அறையில் இப்போது ஏதாவது இருக்கிறதா?

தண்டையார்பேட்டை_பையன்:
ஒன்று. கட்டிலுக்கு அடியில், அரிசி டப்பாவுக்குள்.

வியாசர்பாடி_தேக்கா:
சமூக மன்றங்களில் வேப் போடுவதற்கென்றே தொட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் கேட்க மாட்டார்கள். பழக்கத்தை விட உதவி கேட்டுத் தானாக முன்வருபவர்களுக்கு அபராதமும் இல்லை. நாளை ஷிஃப்டுக்கு முன் போய்விடுங்கள். டார்மிட்டரியில் சோதனை வந்தால் அந்த டப்பாவைத்தான் முதலில் கவிழ்ப்பார்கள்.

காசிமேடு_ஜூரோங்:
காலை ஆறரைக்கு நான் லேக்சைட் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் இருப்பேன். தனியாகப் போக பயமாக இருந்தால் வா தம்பி, சேர்ந்து போகலாம். அந்த அரிசியை மட்டும் வடிக்காதே.