தாத்தா வீட்டுக் காதுகுத்து (குடும்பக் குழு)

செல்வி அத்தை: பின்பக்கம் கோட்டை அடுப்புக்குக் குழி வெட்டும்போது பாம்பு வந்துவிட்டது. ஒரு சாண்தான், வாலும் தலை மாதிரியே மொண்ணை. வெட்டியவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்

பாண்டி சித்தப்பா: இருதலைப் பாம்பா?? விட்டுவிடாதே செல்வி. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்

தேவி: ஈமு கோழி மாதிரியா சித்தப்பா

பாண்டி சித்தப்பா: அதை இன்னும் விடமாட்டீர்களா

கார்த்தி: யாரும் அடிக்காதீர்கள். அத்தை, படம் அனுப்புங்கள்

செல்வி அத்தை: 📷 படம்

முருகேசன் மாமா: சமையல்காரர் நான்கு மணிக்கு வருகிறார். குழி தயாரா?

கார்த்தி: இது நீங்கள் சொல்லும் இருதலைப் பாம்பு, அதாவது மண்ணுளி இல்லை சித்தப்பா, கேடயவால் பாம்பு. கழுத்தின் இரண்டு பக்கமும் மஞ்சள் பட்டை இருக்கிறதே, பழனிமலையில் இருக்கும் வகை, 1863இல் பெடோம் என்ற வெள்ளைக்கார அதிகாரி நம் மலையின் பெயரையே இதற்கு வைத்தார். விஷம் கிடையாது, கையில் எடுத்தால்கூடக் கடிக்காது. தின்பது மண்புழு. முட்டை இடாது, குட்டி போடும். வால்நுனி சொரசொரப்பாக இருப்பதால் மண் அப்பிக்கொள்ளும், உள்ளே போனதும் அந்த மண்ணே வளைக்கு மூடி. இந்தக் குடும்பத்துப் பாம்புகள் இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. மண்ணுளியாகவே இருந்தாலும் பிடித்து விற்பது 1972 சட்டப்படி குற்றம்

பாண்டி சித்தப்பா: இவ்வளவு நீளமா

தேவி: குழந்தைகள் உள்ளே இருக்கிறார்களா அத்தை

செல்வி அத்தை: எல்லாரும் வாளியைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். மண்ணோடு அள்ளி வைத்திருக்கிறேன். அப்பா பூண்டு கொத்தும்போது இதை வரப்போரம் விடுவார், என் விரலில் ஒருமுறை மோதிரம் மாதிரி சுற்றிக்கொண்டு இறங்கவே இல்லை

முருகேசன் மாமா: அந்தப் பின்நிலத்தை அன்றே கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை

செல்வி அத்தை: அண்ணா, அந்தப் பேச்சு இன்றைக்கு வேண்டாம்

கார்த்தி: அத்தை, வெயிலில் வைக்காதீர்கள், காய்ந்தால் செத்துவிடும். ஈரமான இடமாகப் பார்த்து விடுங்கள். குழியையும் வேறு பக்கம் வெட்டச் சொல்லுங்கள், அங்கே இன்னும் இருக்கலாம்

முருகேசன் மாமா: வேறு பக்கம் என்றால் எங்கே? வாசலில் பந்தல்

தேவி: தட்டுச் சீர் ஏழா ஒன்பதா, யாராவது சொல்லுங்கள்

பாண்டி சித்தப்பா: ஒன்பது

முருகேசன் மாமா: ஏழு போதும்

செல்வி அத்தை: பேரிக்காய் மரத்தடியில் விட்டுவிட்டேன். தலையைக் குத்தி உள்ளே போய்விட்டது, கடைசியாக மண் ஒட்டிய வால் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது கார்த்தி

கார்த்தி: 🙏 நன்றி அத்தை

முருகேசன் மாமா: அடுப்பு எங்கே என்று இன்னும் யாரும் சொல்லவில்லை