ஒரே பக்கத்துக்கு நான்கு முகவரிகள்: 301 வழிமாற்றத்தை எப்படி எழுதுவது?

திருநெல்வேலியான்:
வணக்கம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பனம்பொருள் விற்கும் கடையொன்றின் இணையத்தளத்தைப் பராமரித்து வருகிறேன். பாதுகாப்புச் சான்றிதழ் நிறுவிய பின்னரும் பழைய எச்ரிரிபி முகவரி திறக்கிறது. மூன்று டபிள்யூவுடனும் அது இல்லாமலும் திறக்கிறது. இதனால் ஒடியல் மாவுக்கான ஒரே பக்கம் கூகுளில் ஒரு கிழமை ஒரு முகவரியிலும் மறு கிழமை வேறொரு முகவரியிலும் வருகிறது. கனடாவிலுள்ள வாடிக்கையாளர்கள் பகிரும் இணைப்புகளும் நான்காகச் சிதறிக் கிடக்கின்றன. வேண்டாத மூன்றையும், தேடுபொறிகள் எங்கே நுழையக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிடலாமா? தளம் கையால் எழுதிய பிஎச்பி, வழங்கி அப்பாச்சி.

கொக்குவில் வாசி:
ரோபோட்ஸ் கோப்பைத் தொடாதீர்கள். நான்கு முகவரிகளும் ஒரே கோப்புறையைக் காட்டுவதால் அந்தக் கோப்பும் ஒன்றுதான். அங்கே தடுத்தால் நான்கும் சேர்ந்து மூடப்படும். தனித்தனியாகத் தடுக்க முடிந்தாலும் பயனில்லை. தடுக்கப்பட்ட முகவரிக்குள் கூகுள் நுழையாது. நுழையாவிட்டால் அங்கிருக்கும் 301ஐ, அதாவது ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்ற வழிமாற்றத்தை, அது காணாது, அந்த முகவரிக்கு வெளியிலிருந்து கிடைத்த இணைப்புகளின் மதிப்பும் சரியான பக்கத்துக்குச் சேராது.

அப்பாச்சியின் அமைப்புக் கோப்பான எச்ரிஅக்சஸில் ஒரே விதியாக எழுதுங்கள்: இணைப்பு எச்ரிரிபிஎஸ் அல்லாததாக இருந்தால், அல்லது பெயரின் முன்னே மூன்று டபிள்யூ இருந்தால், தெரிவு செய்த முகவரிக்கு அனுப்பு. இரண்டு நிபந்தனைகளுக்கும் இடையில் ‘அல்லது’ கொடியை (OR என்ற குறியை) போட மறந்தால் இரண்டும் பொருந்தும்போது மட்டுமே விதி வேலை செய்யும். இரண்டு தனி விதிகளாக எழுதினால் சில வருகைகள் இரண்டு தாவல்கள் தாவும். கூகுள் அதைப் பின்தொடரும் என்றாலும் வாசகருக்கு அது வீண் தாமதம். விதியின் முடிவில் வழிமாற்றத்தைக் குறிக்கும் ஆர் (R) என்ற எழுத்தை மட்டும் எழுதி நிறுத்தினால் அப்பாச்சி அதனைத் தற்காலிகமான 302 என்றே கொள்ளும். 301 என்ற எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். ஒடியல் மாப் பக்கம் ஒடியல் மாப் பக்கத்துக்கே போகட்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். கூகுள் அவற்றைக் காணாமற்போன பக்கங்களாகவே கருதக்கூடும்.

உரும்பிராய் நிரலாளர்:
மேலே சொன்னவை சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உலாவிகள் 301ஐ நினைவில் வைத்துக்கொள்வதால், முதலில் 302 ஆக எழுதிச் சோதித்துவிட்டுப் பின்னர் எண்ணை மாற்றுவது நல்லது. முனையத்தில் கர்ல் (curl) கட்டளையால் வழங்கியின் பதிலிலுள்ள தலைப்புகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். முதல் வரியில் எண்ணும், லொக்கேஷன் வரியில் போய்ச் சேரும் முகவரியும் தெரியும். தளத்துக்கு முன்னால், வருகைகளை வாங்கி உங்கள் வழங்கிக்கு அனுப்பும் இடைவழங்கி ஏதேனும் இருந்து, அது உங்கள் வழங்கியுடன் எச்ரிரிபியில் பேசுமானால், இந்த விதி முடிவில்லாமல் சுற்றும். அதையும் கவனியுங்கள்.

திருநெல்வேலியான்:
மிக்க நன்றி. இடைவழங்கி இல்லை. முகநூலிலிருந்து வருவோரின் முகவரியில் நீண்ட வால் ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதற்கும் 301 வேண்டுமா? தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சேர்ச் கொன்சோலிலும் ஏதாவது தெரிவு செய்ய வேண்டுமா?

கொக்குவில் வாசி:
வாலுக்கு 301 வேண்டாம். கூகுள், யாகூ, மைக்ரோசொவ்ற் ஆகிய மூன்றும் 2009இல் அறிவித்த, பக்கத்தின் முதன்மை முகவரி எது என்று சொல்லும் கனோனிக்கல் குறியைப் பக்கத்தின் தலைப்பகுதியில் இட்டால் போதும். விருப்ப முகவரியைத் தெரிவு செய்யும் வசதியைக் கூகுள் 2019இல் நீக்கிவிட்டது. தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைற்மப்பிலும் உள் இணைப்புகளிலும் புதிய முகவரியையே எழுதுங்கள். வழிமாற்றத்தை ஓராண்டாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. என்னைக் கேட்டால் எடுக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் பரவிய பழைய இணைப்பை எவரும் திருத்தப் போவதில்லை.