மானிப்பாய் மிசன் ஆஸ்பத்திரியில் தமிழில் வைத்தியம் படிப்பித்தார்களா?

வலிகாமத்துப் பேத்தி:
வணக்கம். அம்மம்மாவின் பாட்டனார் மானிப்பாய் மிசன் ஆஸ்பத்திரியில் படித்துவிட்டு ஊரில் இங்கிலீசு வைத்தியம் பார்த்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். போன மாதம் பெட்டகத்தின் அடியில் அவருடைய கொப்பி கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, எழுத்து மட்டும் முத்து முத்தாக நிற்கிறது. முழுக்கத் தமிழ். ஒரு பக்கத்தில் கை எலும்புகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருக்கிறார். தலைப்புகள்: அங்காதிபாதம் (உடற்கூறு), சுகரணம் (உடல் இயங்கும் விதம்), கெமிஸ்தம் (இரசாயனம்). சொந்தக்காரர் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இங்கிலீசு வைத்தியத்தை அந்தக் காலத்தில் தமிழில் யார் படிப்பித்தது? இது நாட்டுப் பரியாரி கொப்பி" என்று சொல்லிவிட்டார். அம்மம்மாவுக்கு 88 வயது. அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. அவருக்கு நான் என்ன சொல்ல?

பழைய ஏடு:
தங்கச்சி, வீட்டில் சொன்ன கதை சரி என்றே அம்மம்மாவிடம் சொல்லுங்கோ. தமிழில் படிப்பித்தவர் டொக்டர் சாமுவேல் கிறீன். அமெரிக்க மிசன்காரர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருஷமே மானிப்பாய்க்குப் போனவர். முதலில் வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள், கிராமத்துச் சனத்துக்கு ஆள் இல்லை. அதனால்தான் 1864இல் தமிழில் வகுப்பு வைத்தார். அதற்குப் புத்தகம் வேண்டுமே? தன் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார். இரணவைத்தியம், அதாவது சத்திரசிகிச்சைப் புத்தகம், 1867இல் வந்தது, மனுஷ அங்காதிபாதம் 1872இல், கெமிஸ்தம் 1875இல்.

அந்தக் ‘கெமிஸ்தம்’ எங்கள் பரியாரிமார் எழுதுகிற சொல் இல்லை, கிறீன் வகுப்புச் சொல். அதைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஏட்டுப்பூச்சி:
பழைய ஏடு அண்ணா சொன்னதோடு ஒன்று. தயவுசெய்து கொப்பியில் செலோடேப் ஒட்டவோ லமினேட் பண்ணவோ வேண்டாம். பகல் வெளிச்சத்தில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள், வெறும் பக்கத்தையும் விடாதீர்கள். அப்புறம், மிசன்காரர் 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையில் பாட்டனாரின் பெயரைத் தேடுங்கள். நூலகம் இணையத்தளத்தில் பழைய யாழ்ப்பாண நூல்கள் நிறையக் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் முதல் அம்மம்மாவின் குரலைப் பதிவு செய்யுங்கள். இணுவிலில் 1898இல் பெண்களுக்கென்று ஒரு மிசன் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அங்கே பிரசவத்துக்குப் போனவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். கொப்பி பத்திரமாக இருந்தால் பிறகும் வாசிக்கலாம். அவரிடம் இப்போதுதான் கேட்கலாம்.

வலிகாமத்துப் பேத்தி:
இரண்டு பேருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு "கெமிஸ்தம், கெமிஸ்தம்" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு, "நான் பிறந்ததே இணுவில் ஆஸ்பத்திரியில்தானே, நீ ஒருநாளும் கேட்கவில்லையே" என்றார். போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். இரவுச் சாப்பாடு முடிய அவரோடு உட்காரப் போகிறேன்.