புதுப்பிப்பு: டெர்மினல் கால்குலேட்டர் இப்போது கணக்குப் போடுகிறது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) ஓடும் கால்குலேட்டர் எழுத, பைத்தான் நிரல்மொழியின் இவால் (eval, தட்டியதை அப்படியே இயக்கும் கட்டளை) போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்றீர்கள். சரியான ஆலோசனை. கணக்கு மட்டுமில்லை, கொடுக்கிற எந்தப் பைத்தான் கோவையையும் (expression) அது இயக்கிவிடும்.

அதனால் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1961இல் விவரித்த ஷண்டிங் யார்டு முறையை (எதை முதலில் கணக்கிடுவது என்று வரிசைப்படுத்தும் வழி) எடுத்துக்கொண்டேன். எண்கள் நேராக வெளியீட்டுக்குப் போகும், குறிகள் முன்னுரிமைப்படி ஸ்டாக்கில் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கில்) காத்திருக்கும். கூட்டல், பெருக்கல் சீக்கிரம் முடிந்தது. அடுக்குக்குறிதான் (^) ரொம்ப யோசிக்க வைத்தது. 2^3^2 என்பதை வலமிருந்து போட்டால் 512, இடமிருந்து போட்டால் 64. கணித வழக்கம் 512. -2^2 இன்னொரு வில்லங்கம்: அடுக்கை முதலில் போடும் பைத்தானில் (அங்கே -2**2) -4, கழித்தல் குறியை முதலில் எடுக்கும் எக்செல்லில் 4! வகுப்பில் சொல்லித்தருவது -4 என்பதால் அதையே வைத்தேன்.

அப்புறம் சைன் 30. பைத்தான் கோணத்தை ரேடியனாக எடுப்பதால் -0.988 வரும். பிள்ளைகள் எதிர்பார்ப்பது 0.5. ஆகவே டிகிரியே இயல்புநிலை, திரையிலும் அது தெரியும்.

இனி ஒரு கேள்வி: 2(3+4) என்று பெருக்கல் குறி இல்லாமல் தட்டினால் ஏற்கலாமா? நோட்டில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஏற்கலாம் என்பது என் எண்ணம்.