அரசாணிக் கொடியில பூ கொட்டுதுங்க, ஒரு காய்கூட இல்ல. அவசரம்

பல்லடம் தோட்டம்: அரசாணி நல்லாப் படர்ந்து பூவாப் பூக்குதுங்க. ஒண்ணுகூடக் காய் புடிக்கல, எல்லாம் உதிருது. என்ன மருந்து அடிக்கோணும்? சீக்கிரம் சொல்லுங்க.

கோபி வாய்க்கால்: விதை போட்டு எத்தனை நாளாச்சுங்க? பூவுக்கு அடியில குண்டாப் பிஞ்சு இருக்குதா, வெறுங்காம்பா? தேனீ வருதா?

காங்கேயம் மேடு: போரான் சத்து பத்தலைங்க. எனக்குத் தக்காளியில பூ உதிர்ந்தப்ப அதுதான் நிறுத்துச்சு.

கள்ளிவலசு: ஆண்பனை காய்க்குமா? உங்களுது ஆண் கொடி. புடுங்கிட்டு வேற போடுங்க.

தாவரவியல் வாத்தியார்: யாரும் எதையும் புடுங்க வேண்டாம். பள்ளிக்கூடத்துல படிச்சதையே மறந்துட்டு யோசனை சொல்லக் கிளம்பிடறீங்க. பனை, கோவை மாதிரி சிலதுலதான் ஆண் வேற, பெண் வேற. செம்பருத்தியில ஒரே பூவுக்குள்ள ரெண்டும் இருக்கும். அரசாணியில ஒரே கொடி, ஆனா ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவுக்குக் காம்பு நீளம், நடுவுல மகரந்தத்தாள் ஒண்ணா ஒட்டித் தண்டு மாதிரி நிக்கும், தொட்டா விரல்ல மஞ்சப்பொடி. பெண் பூவுக்குக் காம்பு குட்டை, இதழுக்கு அடியிலயே கோலிகுண்டாட்டம் சூலகம், உள்ளே பிசுபிசுன்னு சூல்முடி. முதல்ல வர்றது ஆண் பூதான். ஒரே நாள் விரிஞ்சு உதிரத்தான் செய்யும்.

நொய்யல் அம்மிணி: பரங்கிக்காயைத்தானே சொல்றீங்க? எங்க ஊட்டுக்காரர் தஞ்சாவூர்ப் பக்கம், அங்க அரசாணின்னா யாருக்கும் தெரியாதுங்க.

காங்கேயம் மேடு: அவங்க பரங்கின்னா சொல்லிக்கட்டும். நம்ம சந்தையில அரசாணிக்காய்தானுங்க. எதுக்கு மாத்தோணும்?

நொய்யல் அம்மிணி: மாத்தச் சொல்லலீங்க, புரியறதுக்குக் கேட்டேன்.

பல்லடம் தோட்டம்: 42 நாளுங்க. வெடியால போய்ப் பார்த்தேன், முக்காவாசி வெறுங்காம்பு. குண்டு வெச்சது மூணுதான், அதுல ஒண்ணு மஞ்சளாகிச் சுருங்கிருச்சு. தேனீ காணலைங்க. செவப்பு வண்டுக்குத் தினம் காத்தால மருந்து அடிக்கிறேன்.

கோபி வாய்க்கால்: அதை முதல்லயே சொல்லியிருக்கோணுமுங்க! பூ விரிஞ்ச நேரத்துல அடிச்சா தேனீ எப்படி வரும்? அரசாணி மகரந்தம் கனம், ஒட்டும், காத்துல போகாது. காத்தால அடிக்கறதை நிறுத்துங்க. வெடிஞ்சதும் புதுசா விரிஞ்ச ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுட்டு, பெண் பூவோட நடுவுல மெதுவாத் தடவுங்க. வெயில் ஏறுனா பூ மூடிக்கும். அடுத்த தடவை விதை போட்ட 10-15 நாள்ல இருந்து வாரம் ஒருக்கா, நாலு தடவை எத்ரல்ங்கிற வளர்ச்சி ஊக்கியை 250 பிபிஎம் (பத்து லட்சத்துல 250 பங்கு) அளவுல தெளிங்க, பெண் பூ சேர்த்து வரும்.

காங்கேயம் மேடு: போரானும் பார்த்துக்கோங்க.

பல்லடம் தோட்டம்: ரெண்டுக்கும் தடவுனேன். ஒண்ணு நின்னு, எலுமிச்சை அளவு வந்திருக்குதுங்க. நன்றிங்.