சளியா, எச்சிலா?

கேள்வி: எங்கள் ஆய்வகத்துக்குக் காலையில் வந்த 6 சளி டப்பாக்களில் 4-ல் நுரை எச்சில்தான். கிராம் ஸ்டெயின் (சாயம் ஏற்றுதல்) செய்து மைக்ரோஸ்கோப்பின் 10எக்ஸ் லென்ஸில் பார்த்தால் ஒரு பார்வைப் புலத்துக்கு 30 செதிள் செல்கள் (வாயின் உள்தோலில் இருந்து உதிர்பவை). திருப்பி அனுப்பினால் வார்டு சிஸ்டர் கோபிக்கிறார். கல்ச்சர் (கிருமி வளர்க்கும் சோதனை) போட்டுவிடலாமா?

பதில்: போடாதே தம்பி. செதிள் செல் 10-க்கு மேல் போனால் அது வாய், நுரையீரல் இல்லை. வாய்க் கிருமி வளரும், டாக்டர் அதற்கு ஆன்டிபயாடிக் எழுதுவார். செதிள் 10-க்குக் கீழ், சீழ் செல் (கிருமியோடு போராடும் வெள்ளணு) 25-க்கு மேல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடு.

இன்னொருவர்: காசநோய், லெஜியோனெல்லா (நுரையீரலைத் தாக்கும் ஒரு பாக்டீரியா) சோதனைக்கு வந்ததை இந்தக் கணக்கில் தள்ளிவிடாதீர்கள். வெள்ளணு குறைந்த நோயாளியிடம் சீழ் செல் அதிகம் இருக்காது, அதை வைத்தும் தள்ளாதீர்கள்.

கேட்டவர்: சரி அக்கா. சிஸ்டரிடம் என்ன சொல்ல?

பதில்: தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழமாக இருமித் துப்பச் சொல். நான் ஒருமுறை சிஸ்டரையே மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வைத்தேன். மறுநாள் நல்ல சளி வந்தது.