இழை: பன்னிரண்டங்குலத் தட்டுக்கு ஒரு சொல், வெள்ளிக்குள் வேண்டும்

மதுரை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுமத்தாருக்கு,

ஒரு சிற்றிதழின் இசைச் சிறப்பிதழுக்காக, நம் குழுமத்திலேயே இருக்கும் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பழைய டிஸ்கோ தட்டுகளையும், சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தில் செய்த சிந்த்-பாப் தட்டுகளையும் பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டிஸ்கோவை டிஸ்கோ என்றே விட்டுவிட்டேன், சிந்தசைசரையும் அப்படியே. ஆடுவதற்காகப் பாட்டை நீட்டிப் பன்னிரண்டங்குலத் தட்டில் வெளியிடுவார்களே, அந்த ‘எக்ஸ்டெண்டெட் மிக்ஸ்’ மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. கட்டுரையில் 41 இடங்களில் வருகிறது. முதல் வரைவில் ‘நீட்டிக்கப்பட்ட கலவை’ என்று போட்டிருந்தேன். வாசித்துக் காட்டியபோது என் கணவர், “யார் வீட்டுக்குத் தளம் போடுகிறார்கள்?” என்று கேட்டார். உதவுங்கள்.

கும்பகோணம் தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, சொல் நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. அளபெடை. செய்யுளில் ஓசை குறையும்போது அதை நிறைக்க நெட்டெழுத்து நீண்டு ஒலித்தால் செய்யுளிசை அளபெடை. ஓசை குறையாத இடத்திலும் இனிமைக்காகக் குறில் நெடிலாகி, அதன் பிறகும் நீண்டால் இன்னிசை அளபெடை. ‘கெடுப்பதூஉம்’ என்கிறார் வள்ளுவர். ‘கெடுப்பதும்’ என்று நிறுத்தியிருந்தாலும் தளை தட்டாது, வெண்பா நின்றிருக்கும். இருந்தும் நீட்டினார், காதுக்காக. நீங்கள் சொல்லும் பாட்டுகளிலும் குறை எதுவும் இல்லை, ஆனாலும் நீட்டியிருக்கிறார்கள். ஆகவே இன்னிசை அளபெடை. வழக்கு முடிந்தது.

ரொறன்ரோ நண்பர் எழுதியது:

> வழக்கு முடிந்தது

மேல்முறையீடு செய்கிறேன் ஐயா. நெடிலுக்கு இரண்டு மாத்திரை, அளபெடைக்கு மூன்று. ஆக ஒன்றரை மடங்கு. இந்தத் தட்டுகளில் மூன்று நிமிடப் பாட்டு ஒன்பது நிமிடமாகிறது என்று கட்டுரையாளரே முன்பு இங்கே எழுதியிருக்கிறார். அதற்கு நன்னூலில் இடமில்லை. இன்னொன்று, அளபெடை என்றதும் வாசகருக்கு ஒன்பதாம் வகுப்புத் தேர்வு நினைவுக்கு வரும், ஆட்டம் வராது.

எங்கள் பக்கத்தில் சிடிக்கு ‘இறுவட்டு’ என்ற சொல் நிலைத்துவிட்டது. வேர் பார்த்து யாரும் அதை ஏற்கவில்லை. கண்ணில் அடிக்கடி பட்டது, பழகிவிட்டது. ‘நெடும்பதிப்பு’ என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் எக்ஸ்டெண்டெட் மிக்ஸ் என்றே எழுதுங்கள், தமிழ் செத்துவிடாது.

சேகரிப்பாளர் எழுதியது:

என் கட்டுரையால் இத்தனை பேர் தூக்கம் கெடுகிறது, மன்னிக்கவும். பெயர் வைப்பதற்கு முன் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிடுவோம்.

1970களின் நடுவில், நியூயார்க். பாட்டுகளை ஆட்டத்துக்கேற்ப மாற்றிக் கலந்து தரும் டாம் மோல்ட்டன் ஒரு பாட்டைச் சோதனைத் தட்டாக வெட்டக் கொண்டுபோகிறார். ஏழு அங்குல வெற்றுத்தட்டுகள் தீர்ந்துவிட்டன. தட்டு வெட்டும் ஹோசே ரோட்ரிகெஸ், கையிலிருந்த பத்து அங்குலத் தட்டில் வெட்டித் தருகிறார். அவ்வளவு பெரிய தட்டில் பாட்டு ஓரமாக ஒரு பட்டையில் அடங்கிவிட, மீதியெல்லாம் மொட்டையாகக் கிடந்தது. மோல்ட்டனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஊசி ஓடும் தடங்களை விரித்து, ஒலியையும் ஏற்றி வெட்டச் சொன்னார். வெட்டியதைக் கேட்டபோதுதான், தற்செயலாகக் கையில் கிடைத்தது என்னவென்று அவருக்கே தெரிந்தது.

காரணம் இதுதான். சுருதி தாழத் தாழ, தடம் இடமும் வலமுமாக அதிகம் அலைய வேண்டியிருக்கிறது. தடங்களை நெருக்கிப் போட்டால் ஒன்று மற்றதன் எல்லைக்குள் புகுந்துவிடும். அதனால் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் திணித்த தட்டில் பேஸை, அதாவது தாழ்ந்த சுருதி ஒலிகளை, குறைத்துத்தான் வெட்டுவார்கள். 12 அங்குலத்தில் ஒரே ஒரு பாட்டு என்றால் அந்த இடநெருக்கடி இல்லை. அதிலும் நிமிடத்துக்கு 45 சுழற்சியில் ஓடினால், தட்டின் வெளியோரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு ஏறத்தாழ 68 செ.மீ. தடம் கடக்கிறது. 33⅓ சுழற்சியில் 50 செ.மீ.தான். நீளம் பிறகு வந்தது. முதலில் வந்தது அகலம்.

1976இல் சால்சோல் நிறுவனம் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பர்சென்ட்’டை வெளியிட்டது. கடையில் பொதுமக்களுக்கு விற்ற முதல் 12 அங்குல ஒற்றைப்பாட்டுத் தட்டு அது. வால்டர் கிப்பன்ஸ் அதை ஒன்பது நிமிடத்துக்கு மேல் விரித்தார். அவர் கிளப்பில் தட்டு ஓட்டியவர், ஆடுகிறவர்களின் கால் எந்த இடத்தில் துள்ளுகிறது என்று இரவுதோறும் பார்த்தவர். ஒலிப்பதிவு நாடாவை வெட்டி ஒட்டி அந்த இடத்தை அகட்டினார். பாட்டும் வயலின்களும் விலகிக்கொள்ள, தாளம் மட்டும் தனியே நிற்கும் இடம்.

அந்த இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டைக் குழல் விளக்குக்குச் சாய்த்துப் பிடியுங்கள். எல்லா வாத்தியமும் முழங்கும் பகுதி சாம்பல் பூத்தாற்போல் மினுங்கும். ஒலி மெலியும் பகுதி மை இட்டதுபோல் கறுத்துத் தெரியும். இருட்டு கிளப்பில் தட்டு ஓட்டியவர்கள் சிறு விளக்கில் அந்தக் கருவளையத்தைப் பார்த்துத்தான் ஊசியை இறக்கினார்கள். நான் கடையில் விலை கேட்பதற்கு முன் செய்வதும் அதைத்தான். அதற்கடுத்து லேபிளை ஒட்டிய வெறும் வளையத்தைப் பார்ப்பேன். வெட்டியவர் கையால் கீறிய எழுத்துகள் அங்கே இருக்கும். ‘எ போர்க்கி பிரைம் கட்’ என்று கீறியிருந்தால், தட்டு வெட்டுவதில் பேர்பெற்ற ஜார்ஜ் பெக்கம் வெட்டியது. அதன்பின் பேரம் பேச எனக்கு வாய் வராது.

மயிலாப்பூர் ரசிகை எழுதியது:

> தாளம் மட்டும் தனியே நிற்கும் இடம்

இதற்கு நம்மிடம் பேரே இருக்கிறதே. தனி ஆவர்த்தனம்! ஒரே வித்தியாசம், நம் சபாக்களில் தனி தொடங்கியதும் பாதிப் பேர் கேண்டீனுக்கு எழுந்து போகிறார்கள். அங்கே கேண்டீனில் இருப்பவர்கள் ஓடி வருகிறார்கள் போலிருக்கிறது.

முழுத் தட்டுக்கும் ‘நிரவல்’ என்று சொல்லலாமா? நிரவு என்றால் பரப்புதல். ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதை விதவிதமாகப் பரப்புவதுதானே?

கும்பகோணம் தமிழாசிரியர் எழுதியது:

அம்மையார் சொல்வது நயமாக இருக்கிறது. ஆனால் நிரவலில் பாடுகிறவர் அந்த நொடியில் கற்பனை செய்கிறார். இங்கே ஒருவர் சவரக் கத்தியை வைத்துக்கொண்டு நாடாவை வெட்டுகிறார்.

தாளம் தனித்து நிற்பதைப் பற்றிச் சேகரிப்பாளர் எழுதியதும் எனக்கு அம்போதரங்கம் நினைவுக்கு வந்தது. கரையை நெருங்கும் அலை சுருங்கிக்கொண்டே வருவதுபோல், ஒத்தாழிசைக் கலிப்பாவின் இந்த உறுப்பில் அடிகள் சுருங்கும். நாற்சீர் ஈரடி இரண்டு, நாற்சீர் ஓரடி நான்கு, முச்சீர் எட்டு, இருசீர் பதினாறு. ஒவ்வொன்றாக வாத்தியம் விலகும் ஓசைக்கு இதைவிடப் பொருத்தமான...

ரொறன்ரோ நண்பர் எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.

திருநெல்வேலி வேர்ச்சொல் ஆய்வர் எழுதியது:

எல்லாரும் கிளையில் தொங்குகிறீர்கள், வேருக்கு வாருங்கள். டிஸ்கோ என்பது டிஸ்கோதெக் என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். நூலகத்துக்கு அவர்கள் வழங்கும் ‘பிப்லியோதெக்’கைப் பார்த்து வார்த்தது. அதாவது தட்டகம், இசைத்தட்டுகளின் நூலகம். ஆடும் கூடத்துக்கும் சேகரிப்பாளரின் அலமாரிக்கும் ஒரே பெயர்! டிஸ்க் கிரேக்க ‘டிஸ்கோஸ்’இலிருந்து வந்தது. அந்த டிஸ்கோஸ் எங்கிருந்து வந்தது என்று மேலைநாட்டார் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன்: திகிரி. சங்கப் பாடல்களில் சக்கரம், குயவன் திகிரி. சுழல்வது, தட்டையானது, மேலே கை வைத்தால் ஒலிப்பது. ஆகவே ‘நெடுந்திகிரி’.

மயிலாப்பூர் ரசிகை எழுதியது:

குயவன் திகிரியில் கை வைத்தால் பானைதான் வரும் ஐயா.

சேகரிப்பாளர் எழுதியது:

தட்டகம் என்ற விளக்கத்துக்கு வேர்ச்சொல் ஐயாவுக்கு நன்றி, கட்டுரையின் முதல் வரியில் சேர்த்துவிட்டேன். திகிரிக்குள் நான் வரவில்லை.

‘நெடும்பதிப்பு’க்கு வருகிறேன். எனக்கு அதில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, பல பாட்டுகள் அடங்கிய எல்பி தட்டை ‘நெடுந்தட்டு’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், குழம்பும். மற்றது பெரிது. நெடும் என்றால் குட்டையான ஒன்று முன்பே இருந்திருக்க வேண்டும். 1983இல் நியூ ஆர்டர் குழுவின் ‘புளூ மண்டே’ வந்தபோது குட்டைப் பதிப்பே கிடையாது. ஏழரை நிமிடம், 12 அங்குலத்தில் மட்டும். வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அதற்கு ஃப்ளாப்பி டிஸ்க் போன்ற உறை செய்தார். பெயரைக்கூட எழுத்தில் அச்சிடாமல் வண்ணக் கட்டங்களில் ஒளித்து வைத்தார். அதை எதன் நீட்டிப்பு என்று சொல்வது? 1977இல் மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லாட்டும் பாடகி டோனா சம்மருக்காகச் செய்த ‘ஐ ஃபீல் லவ்’வையும் பாருங்கள். அதில் பேஸ் முழுக்க ‘மூக்’ என்ற வகைச் சிந்தசைசர். ஒவ்வொரு சுரமும் ஒரு காதில் ஒலித்து, நொடிப்பொழுது தாமதித்து மறுகாதில் எதிரொலிக்கும். இயந்திரத்தால் முடியாதது ஒன்றே ஒன்று, அந்தப் பெரிய முரசின் குத்து. டிரம்மர் கீத் ஃபோர்ஸி உட்கார்ந்து காலால் மிதித்தார். இயந்திரத்தோடு இம்மி பிசகாமல் ஒரு மனிதன் மிதித்துக்கொண்டே இருந்தான் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள், வேறு பாட்டாகத் தெரியும். பிறகு சான்பிரான்சிஸ்கோவில் பாட்ரிக் கௌலி அதைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கொண்டுபோனார். எனக்கு அது நீளமாகத் தோன்றியதே இல்லை. தலைப்பிலேயே நீளத்தைச் சொன்னால், ‘அட, இவ்வளவு நேரமா’ என்றுதான் வாசகர் உள்ளே வருவார்.

மயிலாப்பூர் ரசிகை எழுதியது:

பன்னிரண்டு அங்குலம் பன்னிரண்டு அங்குலம் என்கிறீர்களே, தையற்காரர் டேப்பைப் பார்த்தால் அது ஓர் அடி. ஓரடித் தட்டு என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே?

கும்பகோணம் தமிழாசிரியர் எழுதியது:

ஆகா! அடி என்றால் பன்னிரண்டு அங்குலம். அடி என்றால் பாதம், ஆடுவது அதுதான். அடி என்றால் கொட்டு, முரசில் விழுவது. அடி என்றால் கீழ், பேஸ் இருக்குமிடம். அடி என்றால் செய்யுள் வரி. அளபெடையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். (முழுதாக அல்ல.) ‘அடித்தட்டு’.

ரொறன்ரோ நண்பர் எழுதியது:

‘அடித்தட்டு மக்கள்’ என்று நாளிதழில் தினமும் வருகிறது. ‘எண்பதுகளின் அடித்தட்டு இசை’ என்று தலைப்பிட்டால் வறுமை பற்றிய கட்டுரை என்று நினைப்பார்கள். அத்துடன் எல்பியும் பன்னிரண்டு அங்குலம்தான். நெடுவுக்குச் சொன்ன அதே குழப்பம் அடிக்கும் உண்டு.

சேகரிப்பாளர் எழுதியது:

எல்பி பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

மற்றதற்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த இசையை வளர்த்தது யார்? நியூயார்க்கின் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், வேறெங்கும் கைகோத்து ஆட முடியாத தன்பால் ஈர்ப்பினர். டேவிட் மன்குஸோ 1970இல் தம் வீட்டுக் கூடத்திலேயே தொடங்கிய ‘லாஃப்ட்’, பிறகு லாரி லெவன் தட்டு ஓட்டிய ‘பாரடைஸ் கராஜ்’ எல்லாம் அவர்களின் இடங்கள். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ தட்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் களத்துக்குள் புகுந்தது, அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. வெடித்தவர்களுக்குப் பிடிக்காதது இசை மட்டும்தானா என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை. ‘அடித்தட்டு இசை’ என்று யாராவது தவறாகப் படித்தால், பெரிய தவறாகப் படிக்கவில்லை என்பேன்.

மதுரை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வியாழன் இரவு 11 மணி. இதுவரை கருத்துச் சொன்னவர்களையும், தனிமடலில் எழுதியவர்களையும் எண்ணிப் பார்த்தேன். நெடும்பதிப்பு 6, எக்ஸ்டெண்டெட் மிக்ஸ் என்றே விடலாம் 4, அடித்தட்டு 3, இன்னிசை அளபெடை 1, நெடுந்திகிரி 1. ஆறில் இரண்டு பேர் “எதையாவது போடுங்கள்” என்றே எழுதியிருந்தார்கள், அவர்களையும் அதில் சேர்த்துவிட்டேன். நெடும்பதிப்பு என்றே மாற்றுகிறேன். ‘புளூ மண்டே’ வரும் பத்தியில் மட்டும் ‘பன்னிரண்டங்குலத் தட்டு’ என்று வைத்துக்கொள்கிறேன், அங்கே நெடும் பொய்யாகிவிடும்.

சேகரிப்பாளர் எழுதியது:

ஏற்கிறேன், மனமில்லாமல். படக்குறிப்புகள் என் பொறுப்பு என்பதை நினைவூட்டுகிறேன்.

மதுரை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மெய்ப்புப் பார்த்தேன். படக்குறிப்பு ஏழிலும் ‘அடித்தட்டு’ என்று இருக்கிறது. ஆசிரியர் குழு கேட்டால் அச்சுப்பிழை என்று சொல்ல முடியாது, ஏழு தடவை யாருக்கும் கை தவறாது. இருக்கட்டும், விட்டுவிட்டேன்.

கும்பகோணம் தமிழாசிரியர் எழுதியது:

மகிழ்ச்சி. அம்போதரங்கம் பற்றிப் பாதியில் நிறுத்தியதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

திருநெல்வேலி வேர்ச்சொல் ஆய்வர் எழுதியது:

திகிரிக்கு இதுவரை ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. பானையைப் பற்றிச் சொன்னதை மறுப்பாகக் கொள்ள இயலாது.